கட்டணப் பட்டியலில் இல்லாத விலை

இந்திய நகரங்களின் குடிநீரைப் பற்றிய பொருளியல் கருத்தரங்கு எதுவானாலும், மதிய உணவு இடைவேளைக்கு முன்பே ஒரு வாக்கியம் வந்துவிடும்: தண்ணீர் மலிவாகக் கிடைப்பதால்தான் வீணாகிறது, விலையைச் சரியாக வைத்தால் சிக்கனம் தானாக வரும். ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகளுக்கும் இதுவே முன்னுரை. முதுகலைத் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் இழந்தவர் எவரும் இருக்க முடியாது. எதிர்வரிசையில் இருப்பவர்களோ, தண்ணீர் அடிப்படை உரிமை, அதற்கு விலை வைப்பதே பிழை என்கிறார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்தச் சண்டையில் இரு தரப்பினரும் ஒரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அது குடிநீர் வாரியம் அனுப்பும் கட்டணப் பட்டியல்.

அந்தக் காகிதத்தில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று விலை, மற்றொன்று அளவு. பெரும்பாலான இந்திய நகரங்களில் அந்த விலை குடும்பம் உண்மையில் எதிர்கொள்ளும் விலை அன்று. அந்த அளவும் குடும்பத்தின் தேவை அன்று. ஒன்றை மற்றொன்றின் மீது தொடர்புப்போக்குக்கு உட்படுத்தி, வரும் கெழுவுக்குத் தேவையின் விலை நெகிழ்ச்சி என்று பெயர் சூட்டுபவர் இரண்டில் எதையும் அளக்கவில்லை. இது வெறும் அளவையியல் குறைபாடாக இருந்தால் ஆய்விதழ்களின் நடுவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் யாரிடம் எவ்வளவு வசூலிப்பது, யாருக்குக் குழாய் போடுவது என்ற முடிவுகள் அந்த எண்ணின்மேல் கட்டப்படுகின்றன.

பெங்களூரிலிருந்து தொடங்கலாம். அங்கே ஏறத்தாழ எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் உண்டு என்பதால் தரவு தேடுவோருக்கு அது பிடித்த நகரம். 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட வீட்டுக் கட்டணம் 2025 ஏப்ரல் வரை மாறவில்லை. முதல் 8 கிலோலிட்டர் வரை கிலோலிட்டருக்கு 7 ரூபாய், 8 முதல் 25 வரை 11 ரூபாய், 25 முதல் 50 வரை 26 ரூபாய், அதற்கு மேல் 45 ரூபாய். மாதம் 15 கிலோலிட்டர் பயன்படுத்தும் குடும்பம், கழிவுநீர்க் கட்டணம் போன்றவை நீங்கலாக, தண்ணீருக்குச் செலுத்தியது 133 ரூபாய். காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு அந்த நகரத்துக்கு வருகிறது என்பதை அறிந்தவர் எவரும் இந்தத் தொகையைப் பார்த்து மலிவு என்றுதான் சொல்வார். அதில் தவறில்லை.

இனி அதே நகரத்தில் 2024 மார்ச் மாதம். ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிகளின் விலை கைமீறிப்போனபோது மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு விதித்தது. ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. அரசு கட்டுப்படுத்திய இந்த விலையிலேயே கிலோலிட்டருக்கு 83 முதல் 100 ரூபாய் ஆகிறது. முன்சொன்ன 15 கிலோலிட்டரைச் சிறிய லாரிகளில் வாங்கும் குடும்பம் 1,500 ரூபாய் கொடுக்க வேண்டும். 133 ரூபாய்க் குடும்பமும் 1,500 ரூபாய்க் குடும்பமும் அன்று ஒரே மாநகராட்சிக்குள் வசித்தன. 2007-இல் நகரத்தோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோரின் 'விலை' எந்த வாரியத்தின் ஏட்டிலும் இல்லை. ஆய்வுக்கட்டுரைகளிலோ வாரியத்தின் கட்டணமே பெங்களூர்த் தண்ணீரின் விலையாக அட்டவணையில் ஏறுகிறது.

லாரி விலைப் பட்டியலுக்குள்ளேயே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. லாரி பெரிதாக ஆக, லிட்டரின் விலை குறைகிறது. 12,000 லிட்டரை ஒரே நேரத்தில் இறக்கிக்கொள்ள நிலத்தடித் தொட்டி வேண்டும். தொட்டி கட்ட நிலம் வேண்டும். நீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர் குடக்கணக்கில்தான் வாங்க முடியும். குடக்கணக்கில் வாங்குபவருக்கு அளவுத் தள்ளுபடி எதுவும் கிடையாது. பாடநூல் காட்டும் தேவைக்கோடு, எந்த விலையிலும் எந்த அளவையும் வாங்கலாம் என்ற கற்பனையில் வழவழப்பாக இறங்குகிறது. இங்கே அது படிக்கட்டாக இருக்கிறது. முதல் படியில் கால் வைக்கவே மூலதனம் தேவைப்படுகிறது.

இணைப்பு உள்ள வீட்டிலும் கதை இதேதான், சற்று வசதியான வடிவத்தில். வாரியத்தின் நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. எனவே கீழே ஒரு தொட்டி, மாடியில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவே மோட்டார். வரும் நீரில் நம்பிக்கை இல்லை. எனவே சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம், அது வடிகட்டியதைவிடக் கூடுதலாகக் கழிவில் விடும் நீர், அல்லது 20 லிட்டர் கேன். கோடையில் நீர் போதாது. எனவே ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் விலை, மின்கட்டணம் மட்டும்தான். நிலத்தடி நீரை நிலத்தின் உடைமையாளருக்கு உரியதாகவே கருதும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டக் காலத்துப் பார்வை இன்னும் முழுவதும் மறையவில்லை. இவ்வளவு மூலங்களைக் கலந்து பயன்படுத்தும் வீட்டின் இறுதிநிலை விலை எது? ஜூன் மாதத்தில் அது லாரி. நவம்பரில் கிணற்று மோட்டாரின் மின்சாரம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வாரியத்தின் இரண்டாம் படி. கட்டணப் பட்டியலில் உள்ள விலை இறுதிநிலை விலையாக இருக்கும் மாதங்கள் ஆண்டில் எத்தனை என்பதே ஆய்வுக்குரிய கேள்வி. அதை ஆராயாமல் விடையாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

வளரும் நாடுகளின் குடிநீர்த் தேவை குறித்து செலின் நாஜும் டேல் விட்டிங்டனும் 2010-இல் வெளியிட்ட மீளாய்வு இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை. தனி இணைப்புள்ள குடும்பங்களின் விலை நெகிழ்ச்சி பெரும்பாலும் -0.3 முதல் -0.6 வரை அமைகிறது என்பது அதில் எல்லோருக்கும் மனப்பாடமான வரி. அதாவது விலை 10 விழுக்காடு ஏறினால் பயன்பாடு 3 முதல் 6 விழுக்காடு குறையும். ஆனால் அதே கட்டுரை, வளரும் நாடுகளின் குடும்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களிலிருந்து நீர் பெறுகின்றன என்பதையும், அதனால் மதிப்பீடு எப்படிச் சிக்கலாகிறது என்பதையும் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. மேற்கோள் காட்டுவோர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதாகத் தெரியவில்லை.

விலையின் நிலை இது. அளவின் நிலை இதைவிட மோசம்.

தொடர்ச்சியான நீர்வழங்கல் உள்ள ஊரில் மீட்டர் காட்டும் எண்ணைத் தேவை என்று கொள்ளலாம். குழாயைத் திறந்தவர் போதும் என்றபோது மூடுகிறார். இந்திய நகரங்களில் குழாயை முதலில் மூடுவது வாரியம். மும்பையைப் பற்றி நிகில் ஆனந்த் 2017-இல் எழுதிய நூல், நகரத்தின் நீர் எப்படி வால்வுகளைத் திறந்தும் மூடியும் பகுதி பகுதியாகப் பங்கிடப்படுகிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது. சாவிவாலா என்று அழைக்கப்படும் ஊழியர் எந்த வால்வை எத்தனை மணிக்கு எத்தனை சுற்றுத் திருப்புகிறார் என்பதே ஒரு தெருவின் நுகர்வைத் தீர்மானிக்கிறது. குடும்பத்தின் விருப்பமும் விநியோக நேரத்தில் வரக்கூடிய நீரும் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதைத்தான் மீட்டர் பதிவுசெய்கிறது. இரண்டாவது சிறியதாக இருக்கும்போது விலையை இரட்டிப்பாக்கினாலும் பாதியாக்கினாலும் மீட்டர் அசையாது. அசையாத அந்த எண்ணை வைத்துக்கொண்டு, மக்கள் விலைக்கு எதிர்வினை ஆற்றுவதில்லை என்று எழுதுவது, பூட்டிய கடையின் வாசலில் நின்று ஊராருக்குப் பசியில்லை என்று எழுதுவதற்கு ஒப்பானது. இதில் ஒரு துணைக் கேலிக்கூத்தும் உண்டு: விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில் முதலில் தள்ளப்படுவது காற்று, மீட்டர் அதையும் சுழன்று எண்ணிவிடும். ஆய்வுத் தரவில் அந்தக் காற்றும் நுகர்வுதான்.

நீர் குறைந்த அழுத்தத்தில் சில மணி நேரம் மட்டும் வரும் தெருவில் ஒரு வீடு குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தினால், அடுத்த வீட்டுக்கு வரும் நீர் குறைகிறது. அடுத்த வீடும் மோட்டார் வாங்குகிறது. பத்து வீடுகள் மோட்டார் வாங்கிய பின்பு தெருவுக்கு வரும் மொத்த நீர் ஒரு குடம்கூடக் கூடியிருக்காது. மின்சாரமும் மோட்டார் விலையும் பத்து மடங்கு போயிருக்கும். பதினோராவது வீட்டுக்காரர் மோட்டார் வாங்க வழியில்லாதவராக இருந்தால், அவருடைய மீட்டரில் நுகர்வு குறையும். வருமானம் குறைந்தவர்கள் குறைவாக நீர் பயன்படுத்துகிறார்கள் என்ற 'வருமான நெகிழ்ச்சி'யாக அது அட்டவணையில் ஏறும். அண்டைவீட்டு மோட்டார் என்ற புறவிளைவு, ஏழையின் விருப்பமாக வேடம் மாறிவிடுகிறது. ஏறுபடிக் கட்டணத்தில் அளவு கூடினால் விலையும் தானே கூடும் என்பதால் எழும் இருதிசைச் சிக்கலைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடக்கிறது. டெய்லரும் நார்டினும் 1970-களில் மின்சாரத்துக்காகச் சொன்ன தீர்வுகள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. வால்வுக்காரரைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரியும் இல்லை.

இனி, நெகிழ்ச்சியற்ற தேவை என்ற சொல்லாட்சிக்கு வரலாம். இந்தச் சொல் நடைமுறையில் என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிராங்க் ராம்சே 1927-இல் வரிவிதிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பொதுப் பொருளியல் மாணவர் எவரும் கற்கும் விதி, வருவாய் திரட்ட வேண்டுமானால் நெகிழ்ச்சி குறைந்த பண்டத்தின்மீது அதிகம் ஏற்று என்பது. அங்கே நுகர்வு அதிகம் சிதையாது, திறன் இழப்பு குறைவு. அளவையியல் மதிப்பீடு ஏழைக் குடும்பத்தின் தேவை நெகிழ்ச்சியற்றது என்று காட்டினால், இந்த விதியின்படி அந்தக் குடும்பமே வருவாய்க்கு உகந்த இலக்காகிவிடுகிறது. பகிர்வு நியாயத்துக்காகத் தனி எடை சேர்த்துக்கொள்ளலாம் என்ற திருத்தம் பாடநூலின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்பது உண்மையே. ஆலோசனை அறிக்கைகள் பெரும்பாலும் முந்தைய பக்கத்தோடு நின்றுவிடுகின்றன.

தேவை ஏன் நெகிழவில்லை? கிழக்கு ஆப்பிரிக்காவில் கில்பர்ட் வைட், டேவிட் பிராட்லி, ஆன் வைட் ஆகிய மூவரும் செய்து 1972-இல் நூலாக வந்த ஆய்வும், அதைத் தொடர்ந்து வந்தவையும் ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. குழாய் வீட்டுக்குள் இருந்தால் நுகர்வு மிக உயரம். வீட்டுக்கு வெளியே போனவுடன் செங்குத்தாகச் சரிகிறது. அதன்பின், போய்வர முப்பது நிமிடம் ஆகும் தொலைவு வரை ஏறத்தாழ மாறாமல் தட்டையாக நீள்கிறது. அந்தத் தட்டையான பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 20 லிட்டர். குடிக்க, சமைக்க, முகம் கைகால் கழுவ. அதற்குக் கீழே குறைப்பதற்கு இடமில்லை என்பதால்தான் கோடு தட்டையாக இருக்கிறது. விலையேற்றத்துக்குச் சலனமற்றவர்கள் என்று அந்தக் குடும்பங்களை அழைப்பதில் இலக்கணப் பிழை இல்லை. அவர்கள் குறைப்பது தண்ணீரை அன்று, மண்ணெண்ணெயை, பாலை, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பேருந்துக் காசை. அவை எதுவும் தண்ணீர்த் தேவைச் சமன்பாட்டில் மாறிகளாக இல்லை.

நேரம் என்ற மாறியும் இல்லை. அதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய இருட்டு.

1992 ஜனவரியில் டப்ளினில் கூடிய மாநாடு நான்கு கோட்பாடுகளை அறிவித்தது. நான்காவது, தண்ணீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, அதைப் பொருளாதாரப் பண்டமாக ஏற்க வேண்டும் என்பது. கட்டணச் சீர்திருத்த அறிக்கைகள் முப்பது ஆண்டுகளாக மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதற்கு நேர் மேலே உள்ள மூன்றாவது கோட்பாடு, நீரை வழங்குவதிலும் நிர்வகிப்பதிலும் காப்பதிலும் பெண்களுக்கு மையமான இடம் உண்டு என்கிறது. ஒரே பக்கத்தில் இருக்கும் அடுத்தடுத்த இரண்டு வரிகள். நான்காவதைப் படித்தவர்கள் மூன்றாவதைச் சேர்த்துப் படித்திருந்தால், பண்டத்தின் விலையில் அதைத் தூக்கிவருபவரின் நேரமும் அடங்கும் என்பது பொருளியலாளர்களுக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றாமல் இல்லை. கென்யாவின் உகுண்டாவில் விட்டிங்டனும் உடனாய்வாளர்களும் செய்து 1990-இல் வெளியிட்ட ஆய்வு, நீர் சுமக்கும் நேரத்தைக் குடும்பங்கள் பயிற்சியற்ற தொழிலாளியின் கூலிக்கு நெருக்கமாகவே மதிக்கின்றன என்று கண்டது. மக்கள் தங்கள் நேரத்தைச் சுழியாக மதிக்கவில்லை. மதிப்பீட்டாளர்கள்தாம் அப்படிச் செய்கிறார்கள், அல்லது கூலியில் பாதி என்று வசதிக்கு ஓர் அனுமானத்தை வைத்துக்கொள்கிறார்கள். சந்தையில் வேலை தேடாத பெண்ணுக்கு வாய்ப்புச் செலவு இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். வேலை தேடாததால் நேரத்துக்கு மதிப்பில்லையா, நேரமில்லாததால் வேலை தேடவில்லையா என்ற கேள்வியை வாய்ப்புச் செலவுச் சூத்திரம் கேட்பதே இல்லை.

எளிய கணக்கு ஒன்று. டெல்லியில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு 2024 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,066 ரூபாயாக இருந்தது. 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 87 ரூபாய். டேங்கர் லாரிக்காக ஒரு பெண் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 2,600 ரூபாய். பாதிக் கூலி என்ற கஞ்சத்தனமான அனுமானத்தை ஏற்றாலும் 1,300. அரசின் லாரி இலவசமாகத்தான் வருகிறது. அந்த இலவச நீரின் விலை, பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பு லாரிக்குக் கொடுக்கும் விலைக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ போய் நிற்கிறது. அளவோ அதில் ஒரு சிறு பகுதி.

டெல்லியைப் பற்றிப் பேசும்போது எதிர்வரிசையையும் விட்டுவைக்க முடியாது. 2015 மார்ச் முதல் அங்கே மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம். கட்டண உயர்வை எதிர்க்கும் தரப்பு இதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடியது. கொண்டாடியவர்கள் திட்டத்தின் முதல் சொல்லைக் கவனிக்கவில்லை: மீட்டர். இலவசம் இணைப்புக்கு உரியது, மனிதருக்கு அன்று. குழாய் வராத குடியிருப்பில் லாரியின் பின்னால் குழாயைச் செருக ஓடுபவருக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒரே மீட்டரின்கீழ், பதிவேட்டில் தனிக் குடியிருப்புகளாகக் கணக்கில் வராத மூன்று நான்கு வாடகைக் குடும்பங்கள் இருந்தால், அவர்களின் கூட்டு நுகர்வு 20-ஐத் தாண்டும். தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் கட்டணம் என்பதன்று விதி. முழு அளவுக்கும் கட்டணம் விழும். இருபதாயிரம் லிட்டருக்குப் பின் வரும் ஒரு வாளி நீர், பூஜ்யமாக இருந்த பட்டியலைச் சில நூறு ரூபாயாக்கிவிடும். எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பவர் மீட்டரைக் காவல் காக்கிறார். வெகுமேலே இருப்பவருக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. ஏறுபடிக் கட்டணம் ஏழையைக் காக்கும் என்று நம்பப்படுவதற்கு மாறாக, இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏழைகளை மேல்படிக்குத் தள்ளும் என்று விட்டிங்டன் 1992-லேயே எச்சரித்திருந்தார். டெல்லித் திட்டம் அந்த எச்சரிக்கையைக் கூர்மையாக்கிச் செயல்படுத்திக் காட்டியது என்றே சொல்ல வேண்டும். டேங்கர் மாஃபியாவை ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் டெல்லி அரசைக் கேட்டது 2024 ஜூனில். இலவசத் திட்டம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்து.

கட்டண உயர்வுத் தரப்பின் வலுவான வாதம் இன்னும் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. வாரியங்கள் நட்டத்தில் ஓடுகின்றன, நட்டத்தில் ஓடும் வாரியம் குழாயை நீட்டிக்காது, நீளாத குழாயின் விலையை ஏழையே லாரிக்குக் கொடுக்கிறான். ஆகவே குறைந்த கட்டணம் ஏழைக்கு எதிரானது. நைஜீரியாவின் ஒனிட்சா நகரில் மக்கள் தனியார் நீர் விற்பனையாளர்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகை, குழாய் அமைப்பை இயக்கிப் பராமரிக்கும் ஆண்டுச் செலவைப்போல் இருமடங்குக்கும் மேல் என்று 1991-இல் வந்த ஆய்வு இதற்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது. இந்த வாதத்தின் முதல் பாதி சரி. பதினோரு ஆண்டுகள் கட்டணத்தை உறையவைத்த பெங்களூர் அரசியல்வாதிகள் ஏழைகளை நினைத்து அதைச் செய்யவில்லை. இணைப்புள்ள நடுத்தர வகுப்பின் வாக்குக்காகச் செய்தார்கள். 50 கிலோலிட்டருக்கு மேல் பயன்படுத்தும் வீடு முழுச் செலவையும் கொடுப்பதை எதிர்க்க எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது பாதியில்தான் வாதம் கால் இடறுகிறது. பணம் வந்தால் குழாய் நீளும் என்பது எங்கே நிறுவப்பட்டது? மும்பையில் பல்லாண்டுகளாகக் குடிசைப் பகுதிகளுக்குக் குழாய் மறுக்கப்பட்டது வாரியத்திடம் பணமில்லாததால் அன்று. குறிப்பிட்ட தேதிக்குப் பின் கட்டப்பட்ட குடிசைகள் சட்டவிரோதம் என்ற விதியால். சட்டவிரோதக் குடிசையில் வாழ்பவருக்கும் தண்ணீர் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்கள் லாரிக்கும் இடைத்தரகருக்கும் கொடுத்த தொகையில் பாதியை மாநகராட்சிக்கு மகிழ்ச்சியோடு கொடுத்திருக்கும். விலை அங்கே தடையாக இருந்ததே இல்லை. தடையாக இருந்தது குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வசிப்பிடச் சான்று.

மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் புளோரென்சியா தெவோட்டோவும் உடனாய்வாளர்களும் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. தெருக்குழாயில் இலவசமாக நீர் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு மட்டும், வீட்டு இணைப்புக்கான வட்டியில்லாக் கடன் பற்றித் தெரிவித்து, விண்ணப்ப வேலையையும் எளிதாக்கிக் கொடுத்தார்கள். மானியம் எதுவும் இல்லை. முழுச் செலவையும் குடும்பமே கட்ட வேண்டும். உதவி பெற்றவர்களில் 69 விழுக்காட்டினர் இணைப்பு வாங்கினார்கள், பெறாதவர்களில் 10 விழுக்காட்டினர். விண்ணப்பத் தாளுக்கும் தவணை வசதிக்கும் பின்னால் அவ்வளவு தேவை மறைந்திருந்தது. குழந்தைகளின் நோய் குறையவில்லை, வருமானமும் கூடவில்லை. நேரம் மிஞ்சியது, அண்டை வீட்டாரோடு சண்டை குறைந்தது, மக்கள் நிறைவாக இருந்தார்கள். இந்தப் பயன்களைக் கட்டணப் பட்டியலிலிருந்து மதிப்பிட முயல்பவருக்கு விடையாகக் கிடைப்பது பூஜ்யம்.

குழாயிலிருந்தே கசிந்துபோகும் நீரையும் ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம். வாரியம் அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருவாயாகத் திரும்பாத நகரங்கள் இந்தியாவில் பல. அதற்குப் பக்கத்தில், 10 விழுக்காடு விலை உயர்வால் குடும்பங்களிடமிருந்து மிச்சப்படும் 3 முதல் 6 விழுக்காடு என்ற எண்ணை வைத்துப்பார்த்தால், சிக்கனத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் பெரிய ஐயம் எழாது. பெங்களூர் வாரியமே 2024 மார்ச்சில் நெருக்கடி முற்றியபோது விலையை நம்பவில்லை. குடிநீரால் கார் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் தடை விதித்தது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது, வணிகக் கட்டடங்களின் குழாய்களில் நீர்ப்போக்கைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தச் சொன்னது. கட்டண உயர்வு வந்தது ஓராண்டு கழித்து, நெருக்கடி தணிந்த பிறகு.

அப்படியானால் தேவையை அளக்கவே முடியாதா என்ற கேள்வி வரும். முடியும், உழைப்பு கூடும், அவ்வளவுதான். வீட்டு நீர்த் தேவையைப் பற்றி இன்று ஆய்வேடு எழுதும் மாணவர் வாரியத்தின் கணினிக் கோப்பை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. விநியோக நேரத்தைக் கேட்க வேண்டும். டெல்லி ஜல் போர்டு பகுதிவாரியான விநியோக நேரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றைத் தெருவில் நின்று சரிபார்த்து, நேரக்கட்டுப்பாடு பிணைக்கும் வீடுகளையும் பிணைக்காத வீடுகளையும் பிரித்த பின்பே விலைக் கெழுவைப் பற்றிப் பேச வேண்டும். தொட்டியின் கொள்ளளவு, மோட்டாரின் குதிரைத்திறன், லாரி வாங்கிய நாட்கள், ஒரே மீட்டரின்கீழ் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பது எல்லாம் வினாநிரலில் இடம்பெற வேண்டும். நீர் கொண்டுவருபவரிடமே நேரத்தைக் கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் என்று பதிவாகியிருப்பவரிடம் கேட்டால் கிடைக்கும் நிமிடங்கள் வேறு, குடத்தைத் தூக்கியவரிடம் கேட்டால் கிடைக்கும் நிமிடங்கள் வேறு.

இந்த மாறிகள் எதுவும் இல்லாத கட்டுரை நடுவரின் மேசைக்கு வந்தால், மாதிரியின் பெரிய எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல் திருப்பி அனுப்பும் துணிவு நடுவர்களுக்கு வேண்டும். ஒரு லட்சம் கட்டணப் பட்டியல்களைச் சேர்த்தாலும், குழாய் இல்லாத ஒரு வீட்டின் தேவை அதில் வந்துவிடாது. 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆம் சுற்றின்படி, இந்திய நகரக் குடும்பங்களில் வீட்டுக்குள் வரும் குழாய்நீரை முதன்மைக் குடிநீராகக் கொண்டவை 40.9 விழுக்காடு. நகரத் தேவைக்கோடு என்று தலைப்பிட்டு வரும் கட்டுரைகள் வரைவது, மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், அந்தக் குடும்பங்களின் கோட்டைத்தான்.